போஸ்டரில் இருந்ததைப் படித்தேன்

அம்மாவின் வேலை காய் நறுக்குவதுதான். ஏனாத்தூர் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் விடிவதற்குள் போய் உட்கார்ந்தால், வெங்காயம், கோஸ், கேரட் என்று மத்தியானம் வரைக்கும் கத்தி ஓயாது. அந்தக் காலேஜுக்குச் சொந்தமாக ஒரு சின்ன ரேடியோ உண்டு. காஞ்சிபுரத்தையும் சுற்றியிருக்கிற ஊர்களையும் தாண்டினால் கேட்காது. இந்தப் பக்கத்து ஜனங்கள் இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே பேசத்தான் அந்த ரேடியோ என்று அதைப் பார்த்துக்கொள்ளும் மேடம் சொல்வார். ஒரு நாள் மெஸ்ஸில் தண்ணீர் வரவில்லை என்று அம்மா யாரையோ திட்டிக்கொண்டிருந்ததை மேடம் நின்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே அம்மாவை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அம்மா ஐந்து நிமிடம் பேசுவாள். பெயர் சொல்ல மாட்டாள். வணக்கம்கூடச் சொல்ல மாட்டாள். எடுத்த எடுப்பில் "இன்னாபா, எய்ந்துட்டீங்களா?" என்பாள். அப்புறம் ஊர்க்கதை.

"முருங்கக்கா இன்னிக்கு தொட முடியாதுபா, உட்ருங்க. கத்திரிக்கா வாங்கு. காம்பு பச்சையா இருக்குதான்னு பாத்து வாங்கு, அவன் குடுக்கறத வாங்கினு வந்துடாத. எங்க தெருவுல இன்னும் தண்ணி வரல. கேட்டா மோட்டாரு ரிப்பேருன்றான். அந்த மோட்டாரு எப்பபா நல்லா இருந்துச்சு? புள்ளைங்கள நாஷ்டா துன்னாம அனுப்பாதீங்க. சரி, கொழம்பு கொதிக்குது, போயி வேலைய பாருங்க."

அவ்வளவுதான். இதைக் கேட்க ஊரில் ஆள் இருந்தது. அவள் பெயர் யாருக்கும் தெரியாததால் "எய்ந்துட்டீங்களா அம்மா" என்றே சொன்னார்கள்.

நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏனாத்தூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. என் வண்டியில் ஏறுவது பாதிக்கு மேல் காலேஜ் பிள்ளைகள். அவர்கள் அம்மா மாதிரியே பேசிக் காட்டி, "வாயப்பயம் வாங்கலியாபா" என்று சிரிப்பார்கள். அது என் அம்மா என்று அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே ரேடியோ சத்தத்தைக் குறைப்பேன். ஸ்டாண்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். அங்கே மூத்த டிரைவர் ஒருவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"தோ வந்துட்டான்பா எய்ந்துட்டீங்களா மவன். டேய், உங்கம்மா முருங்கக்கா வாங்காதன்னுச்சாம். எங்கூட்ல வெறுஞ்சாம்பாருடா. நீதான் நஷ்டஈடு குடுக்கணும்."

வீட்டில் அம்மாவிடம் எரிந்து விழுவேன். "கொஞ்சம் நல்லா பேசேம்மா. டிவில பேசற மாதிரி."

"அத பேசத்தான் டிவி இருக்குதே. அப்பறம் நான் எதுக்குடா அங்க?"

"எல்லாம் சிரிக்கறாங்க."

"சிரிச்சா நல்லதுதான? காலைல எவன் சிரிக்கறான்?"

அவளிடம் வெட்கம் என்ற ஒன்றே இல்லை. அவள் பங்குக்கும் சேர்த்து நான்தான் பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் ஆட்டோவில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தபோது தங்கச்சியின் மடியில் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்பா முன்னமே இல்லை. இனி நானும் தங்கச்சியும்தான் என்பது அந்த வாசலில் நிற்கும்போது புரியவில்லை. வண்டியை நோ பார்க்கிங்கில் விட்டுவிட்டேனே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அம்மாவை வாசலில் கிடத்தியிருந்தோம். பந்தல் போடுகிறவர்கள் ஆட்டோவை நகர்த்தச் சொன்னார்கள். ஸ்டாண்டு அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பினார். ரேடியோ பாடத் தொடங்கிவிட்டது. பாட்டு இல்லை, அம்மா.

அம்மா தினமும் போய்ப் பேசுவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கு வேண்டியதை ஒரே மூச்சில் பேசிப் பதிந்துவிட்டு வருவாள். எங்களுக்கு அது ஞாபகமே வரவில்லை. ரேடியோக்காரர்களுக்கோ அவள் போன செய்தியே இன்னும் போய்ச் சேரவில்லை.

"முட்டி வலி உசுரு போவுதுபா," என்றாள் அம்மா, பந்தலுக்கு வெளியே நின்ற வண்டிக்குள்ளிருந்து. "முடக்கத்தான் கீர யாரு ஊட்டு வேலிலயாச்சும் படந்து இருந்துச்சுன்னா ரவ குடுங்கபா. தோசைக்கு அரைச்சு ஊத்துனா நல்லதாம். நான் எங்க இருக்கறன்னு தெரியும்ல? காலேஜு மெஸ்ல வந்து கேளுங்க."

அண்ணனுக்கு எந்தக் குமிழைத் திருப்புவது என்று தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் திருகி, சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் அப்படியே நின்றுபோனார்கள். வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அத்தை ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்த வாயாலேயே "அடியே, போயும் கீர கேக்கறியேடி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. முகம் எரிந்தது. செத்த பிறகாவது கொஞ்சம் கௌரவமாகப் படுத்திருக்கக் கூடாதா என்று அம்மாமேல் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் பிரிண்டிங் பிரஸ்ஸுக்குப் போனேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவர்களிடம் நாலைந்து மாதிரி இருந்தது. "சிம்பிளா ஒண்ணு இருக்குது, பெருசா ஒண்ணு இருக்குது, எதுபா?" என்றார் அங்கிருந்தவர். பெரிய வார்த்தைகள் அதிகமாக இருந்ததைக் காட்டினேன். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்காததே மரியாதையாகத் தெரிந்தது. ரேஷன் கார்டில் இருக்கிற முழுப் பெயரைப் போடச் சொன்னேன்.

விஷயம் மெஸ் வழியாக ரேடியோவுக்குப் போய், அன்றைக்கே அம்மாவின் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பாட்டு போட்டார்கள். காரியம் முடிந்த பிறகு மேடம் வீட்டுக்கு வந்தார். தங்கச்சி போட்டுக் கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னார்.

"தெனம் போன் வருது தம்பி. அந்தம்மா எங்க, ஏன் வரலன்னு கேக்கறாங்க. உங்கள கேக்காம நாங்களா சொல்ல வேணாம்னுதான் இருக்கோம். வீட்டுலேர்ந்து யாராவது வந்து சொன்னா நல்லா இருக்கும்."

"நான் சொல்றேன் மேடம்," என்றேன்.

அம்மா பேசி வைத்ததையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்திருப்பதாகவும் மேடம் சொன்னார். இந்த ஊர்ப் பேச்சு எப்படி இருந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் அதைத்தான் போட்டுக் காட்டுவார்களாம். அம்மா திட்டின மோட்டார்காரனையும் சேர்த்தா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அன்று ராத்திரி எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். நான் யோசிக்கிற வார்த்தை எல்லாம் அம்மாவின் வார்த்தையாக இருந்தது. 'செத்துப்போச்சு' என்று ரேடியோவில் சொல்ல முடியுமா? காலையில் கிளம்பும்போது, சுவரில் ஒட்டியது போக மீதியிருந்த போஸ்டர் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

ஸ்டூடியோ என்பது சுவரெல்லாம் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிய சின்ன அறை. போஸ்டரை மேஜைமேல் விரித்தேன். அது மேஜையைவிடப் பெரிதாக இருந்ததால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எங்கள் குலவிளக்கு, பாசத்தின் சிகரம், இன்னார் அவர்கள் இறைவனடி சேர்ந்தார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், அன்னாரின் பிரிவால் வாடும் குடும்பத்தினர். 'அன்னாரின்' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் தடுக்கியது. திரும்பத் திரும்பப் படித்தேன்.

மேடம் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இப்படியேதான் வேணுமா தம்பி? நீங்க வீட்டுல பேசற மாதிரியே சொல்லிடலாமே."

"ஊர்ல எல்லாருக்கும் இப்பிடித்தான மேடம் போடறாங்க. எங்கம்மாக்கு மட்டும் எதுக்கு கொறச்சலா சொல்லணும்?"

அவர் எழுந்து போய்ப் பதிவைத் தொடங்கினார். நான் படித்ததற்குப் பின்னால் சோகமாக ஒரு வீணையைச் சேர்த்து, அன்றைக்குக் காலையும் மத்தியானமும் சாயங்காலமும் போட்டார்கள். ஸ்டாண்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

"கலெக்டர் ஆபீஸ்ல படிக்கற மாதிரி படிச்சடா," என்றார் அண்ணன். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்குக் கடைசியாக ஒரு நல்ல புடவை உடுத்திவிட்ட மாதிரி இருந்தது.

சில நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்மணி என் வண்டியில் ஏறினார். அம்மா வயசு இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து கீரைக் கொடி எட்டிப் பார்த்தது. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண்ணும் முன் சீட்டில் என்னை ஒட்டி ஒரு பெரியவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"காலேஜு கேட்டாண்ட உட்ருபா," என்றார் அந்தப் பெண்மணி. "அங்க ஒரு அம்மாவ பாக்கணும். ரேடியோல பேசுமே, எய்ந்துட்டீங்களான்னு, அந்தம்மா. முட்டி வலின்னு முடக்கத்தான் கேட்டுச்சு. எங்க ஊரு திருப்பருத்திக்குன்றம், வேலி பூரா அதான். ஊட்ல அறுப்பு வேல, ஒடனே வர முடியல. பாவம், இன்னும் வலிச்சிகினே இருக்கும்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

பெரியவர் திரும்பிக் கேட்டார். "அந்தம்மா இப்பல்லாம் பேசறது இல்லியேமா?"

"அதான்பா எனக்கும் கவல. மவ ஊட்டுக்கு எங்கியாச்சும் போயிருக்கும். இல்ல, மோட்டாருகாரன் மெரட்டி இருப்பான். அது வாய வெச்சிகினு சும்மா இருக்காது."

"நடுவுல யாரோ செத்துட்டாங்கன்னு சொன்னாங்களே," என்றாள் அந்தக் காலேஜ் பெண்.

"அது வேற யாரோமா. ஒரு பையன் படிச்சான். கொலவெளக்கு, செகரம் கிகரம்னு. காலேஜு மொதலாளி ஊட்டு அம்மாவா இருக்கும். அந்தப் பையனும் சம்பளத்துக்குப் படிக்கறவன் போல, மொகத்துல ஒரு வருத்தம் இல்ல."

"ரேடியோல மொகம் எப்பிடிமா தெரிஞ்சுது?" என்று பெரியவர் சிரித்தார்.

"குரல்ல தெரியாதா? போ நைனா."

போன் செய்து விசாரித்த அத்தனை பேரும் நான் படித்ததைக் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு, யாரோ பெரிய இடத்துச் சாவு என்று தலையாட்டியிருப்பார்கள். அம்மாவுக்காக இன்னமும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நான்தான்மா என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள், பெரியவர் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. கேட் வந்தது. மற்ற இரண்டு பேரும் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்மணி இறங்கி, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு செக்யூரிட்டியிடம் போனார். நான் வண்டியைத் திருப்பிக்கூட விட்டேன்.

திருப்பிய வண்டியில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தேன். செக்யூரிட்டி ஊருக்குப் புதுசு. அம்மாவைத் தெரியாதவர். "பேரு இன்னாமா? பேரு தெரியாம எப்பிடி உள்ள வுடறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி கையை ஆட்டி ஆட்டி, அம்மா பேசுவது போலவே பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. இறங்கி ஓடினேன்.

"எம்மா. அந்தம்மா இல்லமா. செத்துப்போச்சு. எங்கம்மாதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப என்ன வண்டில இட்டுனு வந்தவன்தான நீ?"

"ஆமாமா. ரேடியோல படிச்சதும் நான்தான்."

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"ஏன்டா, பெத்தவ செத்தத அப்பிடியாடா சொல்லுவ? நீ படிக்கசொல்ல நான் வெங்காயம் உரிச்சிகினு இருந்தேன். அப்பக்கூட கண்ணுல தண்ணி வரலடா எனக்கு." இப்போது வந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். "தெனம் காலைல ஊட்டுக்குள்ள வந்துட்டுப் போனவடா அவ. எங்களுக்கு சாவு சொல்லாம உட்டுட்டியே."

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய பேச்சு கிடையாது. ஒருத்தர் வீட்டில் சாவு விழுந்தால் உறவுக்காரர்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். போஸ்டர் ஊருக்கு, ஆள் உறவுக்கு. சாவு சொல்லாமல் விட்டால், நீ எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களில் முகம் பார்ப்பதே நின்றுபோயிருக்கிறது. வாலாஜாபாத் அத்தைக்கும் அரக்கோணம் சித்தப்பாவுக்கும் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டேன். அம்மாவோடு தினமும் காலையில் இருந்தவர்களுக்குப் போஸ்டரைப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

"இப்ப போய் சொல்லு," என்றார். "நானும் வரேன்."

"இப்பவேவாமா?"

"பின்ன? நாள் பாத்தா சாவு சொல்லுவ?"

கீரைப் பையை என் கையில் திணித்து, "ஊட்ல தோச சுட்டு துன்னுங்க" என்றார். இரண்டு பேருமாக ஸ்டூடியோவுக்குப் போய் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் குறைத்து, மைக்கைத் திறந்துவிட்டார். பதிவு இல்லை, நேரடியாகப் போகிறது என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்மணி எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. கையில் பேப்பர் எதுவும் இல்லாமல் நான் இதற்கு முன்னால் எங்கேயும் பேசியதில்லை.

"நான் வந்து... எய்ந்துட்டீங்களான்னு ஒரு அம்மா பேசுமே, அவங்க பையன். எங்கம்மா செத்துப்போச்சுபா. ஒரு ஞாயித்துக்கெழம துணி காயப்போடசொல்ல நெஞ்சு வலின்னுச்சு. என் வண்டிலதான் இட்டுனு போனேன். வழிலயே போயிடுச்சு. மொத நான் இங்க வந்து ஒண்ணு படிச்சேன். அதுவும் எங்கம்மாவப் பத்திதான். உங்களுக்குப் புரியலன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எங்கம்மா பேசற மாதிரி பேச எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் அப்பிடிப் படிச்சேன். மன்னிச்சிடுங்க."

நிறுத்தத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மேடம் அதை மைக்கோடு சேர்த்துவிட்டார். முதலில் பேசினவர், தினமும் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டேதான் நாஷ்டா தின்பேன் என்றார். அவள் சொல்கிற காய்கறி விலை ஒரு நாளும் அவர் தெரு விலையோடு ஒத்துப்போகாதாம். இன்னொரு பெண் பேசவே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டார். மூன்றாவதாக வந்தவர் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். பின்னால் மில் ஓடும் இரைச்சல் கேட்டது. அவர் கோபமாக இருந்தார்.

"இத்தினி நாளு எங்கள ஏன்பா ஏமாத்துன? மில்லுல நாங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து கேப்போம். ஒரு மால வாங்கினு வந்திருப்போம்ல? தூக்கறதுக்கு தோள் குடுத்திருப்போம்ல? எங்களுக்கு அந்த ரைட்டு இல்லியா?"

"தப்புதாண்ணா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் மைக்கை இன்னும் கிட்டத் தள்ளினார். "தப்புதாண்ணா" என்று மறுபடியும் சொன்னேன். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். தலை நிமிர்ந்து மேடத்தைப் பார்க்க முடியவில்லை, பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"சரி, எரிச்சீங்களா பொதைச்சீங்களா?"

"பொதைச்சோம்ணா."

"எங்க? எடத்த சொல்லு. ஞாயித்துக்கெழம மில்லு லீவு, வரோம்."

சொன்னேன். சுடுகாட்டு கேட்டுக்கு உள்ளே போனால் இடது கைப் பக்கம், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், இன்னும் கல் எதுவும் வைக்கவில்லை, மண் மேடாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அவர் அதை உரக்கத் திருப்பி மில்லில் இருந்தவர்களுக்குச் சொன்னார். அங்கே யாரோ, எந்தக் குழாய், புதுசா பழசா என்று கேட்டார்கள். அவர் என்னைக் கேட்டார்.

"பழசுண்ணா," என்றேன். "கைப்பம்பு."